எம்டன் கொளுத்திய எண்ணெயும், ஆவியாகாத எண்ணெயும்

எங்க வீட்டு டிவி ஸ்டாண்டு மேல ஒரு இரும்பு வட்டு கிடக்கு. ஊத்தப்பம் சைஸ் இருக்கும். ஒரு காலத்தில் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளன்னு இருந்தது. இப்போ மழையில ஊறின சுவர் மாதிரி கருப்பும் காவியுமா புள்ளி புள்ளியா இருக்கு. "பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுடவா?"ன்னு அம்மா வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான் விடுவதாக இல்லை. நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பில் நான் உருப்படியா கத்துக்கிட்ட ஒரு விஷயம் அந்த வட்டுல தான் இருக்கு.

நிற்க. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. மெக்கானிக்கல் படிச்சுட்டு மென்பொருள் கம்பெனியில குப்பை கொட்டுறவன் எண்ணெயைப் பத்தி எழுதலாமான்னு நீங்க கேட்கலாம். வண்ணாரப்பேட்டைக்காரன் எண்ணெயைப் பத்திப் பேச டிகிரி எதுக்குங்க? ஒரு பக்கம் தண்டையார்பேட்டை டேங்குகள், அந்தப் பக்கம் மணலி, இந்தப் பக்கம் துறைமுகம். காத்து திரும்பினா எந்த எண்ணெய்னு மூக்கே சொல்லிடும் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2019. கடைசி வருஷ பிராஜக்ட். நாலு பேர் டீம். எங்க கைடு ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டு வந்து வெச்சார். தண்ணி மாதிரி தெளிவு, ஆனா கொஞ்சம் கெட்டி. "இது உப்பு தாம்பா. அடுப்புல வைக்காமலே உருகி நிக்கிற உப்பு. அயனித் திரவம்னு பேரு. எண்ணெய்க்குப் பதிலா இதைப் போட்டு உரசிப் பாருங்க"ன்னார். அந்தத் துளியூண்டு பாட்டிலோட விலையைக் கேட்டப்போ எங்க நாலு பேருக்கும் பேச்சு வரலை.

சுத்துற வட்டு மேல ஒரு முளையை அழுத்தி, எவ்வளவு உராய்வு, எவ்வளவு தேய்மானம்னு அளக்கிற மெஷின் அது. சொட்டு விட்டோம், ஓட்டினோம். ரிசல்ட் பிரமாதம். சாதாரண எண்ணெயை விட வழுவழுன்னு ஓடுச்சு. வெள்ளிக்கிழமை சாயந்திரம், சந்தோஷத்துல வட்டைத் துடைக்காம அப்படியே வெச்சுட்டுப் போயிட்டோம். திங்கட்கிழமை வந்து பார்த்தா, திரவம் இருந்த இடம் பூரா புள்ளி புள்ளியா அரிச்சிருந்தது. திரவம் படாத இடத்தை விட, பட்ட இடத்துல தான் சேதம் அதிகம்.

வைவாவுல வெளியூர்ல இருந்து வந்த எக்ஸாமினர் வட்டைத் தூக்கிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எண்ணெய் போட்ட இடத்துல எப்படிப்பா துரு வரும்?"

அவ்வ்வ்வ். நாலு பேருமே வாயைத் திறக்கலை.

வீட்டுக்கு வந்து பெரியப்பா கிட்ட சொன்னேன். பெரியப்பா துறைமுகத்துல கிரேன் ரிப்பேர் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புல முப்பது வருஷத்துக்கு மேல ஃபிட்டரா இருந்தவர். கிரேனோட வயர் ரோப்புக்கு கிரீஸ் போட்டுப் போட்டு அவர் நகக்கண் கடைசி வரைக்கும் வெளுக்கவே இல்லை. வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணெயைப் பாத்தியே, காத்தைப் பாத்தியாடா? இது இன்னா ஊட்டியா? கடக்கரைடா"ன்னார். அவ்வளவு தான் சொன்னார்.

அந்த ஒரு வரிக்கு விளக்கம் தேடித் தேடிப் படிச்சது தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

*

கதை 1914-ல் ரெண்டு இடத்துல ஆரம்பிக்குது. ஒண்ணு நம்ம ஊர்.

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்னு விளக்கைப் போட்டுத் தேடி, பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். லட்சக்கணக்கான காலன் மண்ணெண்ணெய், அதாங்க நம்ம கிருஷ்ணாயில், கடற்கரையில நின்னு எரிஞ்சது. ஊர்ல நிறைய பேர் மூட்டை முடிச்சோட கிளம்பிட்டாங்க. கப்பல் வந்து போனது கொஞ்ச நேரம் தான், ஆனா "அவன் பெரிய எம்டன்"ங்கிற வார்த்தை நூறு வருஷம் தாண்டியும் நம்ம வாயில நிக்குது. ஹைகோர்ட் மதில் பக்கம் இன்னிக்கும் அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு.

எம்டன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு எண்ணெயோட ஒரு குணம் நல்லாத் தெரிஞ்சிருந்தது. எண்ணெய்ல எரியறது அதோட ஆவி. ஆவியாகிற எண்ணெய் ஒரு பொறிக்காகக் காத்துக்கிட்டிருக்கும்.

இன்னொரு இடம் ரஷ்யப் பேரரசு. லாட்வியாவில் பிறந்து ரீகா நகரத்தில் பேராசிரியரா இருந்த பால் வால்டன் அதே 1914-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தண்ணியே இல்லாம, குறைந்த சூட்டிலேயே உருகுற உப்புகள் மின்சாரத்தை எப்படிக் கடத்துதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார் மனுஷன். அதுல ஒரு உப்பு எத்தில் அம்மோனியம் நைட்ரேட். நம்ம சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேணும். இதுக்கு 12 டிகிரி போதும். அதாவது சென்னையில் மார்கழி விடியக்காலையில கூட இது திரவம் தான்.

எப்படின்னு கேட்டா, உப்புங்கிறது நேர் அயனியும் எதிர் அயனியும் மாறி மாறி அடுக்கின கட்டுமானம். சோடியமும் குளோரைடும் செங்கல் மாதிரி, கச்சிதமா அடுக்கலாம். ஒரு அயனி பலாப்பழம் மாதிரி கோணல்மாணலா, இன்னொண்ணு எலுமிச்சம்பழம் மாதிரி சின்னதா இருந்தா எப்படி அடுக்குறது? அடுக்கு நிக்காது, சரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சரிவு தான் திரவம். ஆனா அயனிகளுக்கு நடுவுல இருக்கிற மின் ஈர்ப்பு போகலை. அதனால ஒண்ணை விட்டு ஒண்ணு பிரிஞ்சு ஆவியா பறக்க முடியாது. திரவம், ஆனா சாதாரணமா ஆவியாகாத திரவம்.

எண்ணெய் ஆவி எரிஞ்ச அதே வருஷம் தான் ஆவியாகாத திரவமும் பதிவாச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா எனக்கு இந்த ரெண்டு செய்தியையும் பிரிச்சுப் பார்க்கவே முடியறதில்லை. வால்டனுக்கு இதை எண்ணெய் மாதிரி உபயோகிக்கலாம்னு யோசனையே இல்லை. அதுக்கு இன்னும் 87 வருஷம் ஆகணும்.

*

அதுக்கு முன்னாடி, நம்ம ஆளுங்க எதை எண்ணெயா போட்டாங்கன்னு பார்த்துடலாம்.

கட்டை வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைச்சு வண்டி மை போடுற பழக்கம் இருந்தது. கரி நடுவுல நின்னு உரசலைத் தாங்கும், எண்ணெய் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். தத்துவம் ரொம்ப சரி. பாடப்புத்தகத்தில் உயவுப் பொருள்னு படிச்சோமே, அது தான் இது.

1856 ஜூலை 1 அன்னிக்கு ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடுச்சு. ரயில் வந்தப்போ அச்சு எண்ணெய்ங்கிறது பெரிய தலைவலி ஆச்சு. மாட்டு வண்டி வேகத்துக்குத் தாங்கினது ரயில் வேகத்துக்குத் தாங்குமா? இங்கிலாந்தில் அந்தக் காலத்து வேகன் அச்சுக்கு மாட்டுக் கொழுப்பு, பாமாயில், சோடா, தண்ணி கலந்து கிண்டின ஒரு மசகைப் போட்டாங்க. அதுலயும் வெயில் காலத்துக்கு ஒரு பக்குவம், குளிர் காலத்துக்கு ஒரு பக்குவம். நம்ம நாட்டு ரயில்கள்ல விளக்கெண்ணெய் நிறைய புழங்கினது.

அந்த மசகுல இருக்கிற சோடாவைக் கொஞ்சம் கவனிங்க. கொழுப்பும் சோடாவும் சேர்ந்தா என்ன ஆகும்? சோப்பு! கிரீஸ்னு நாம சொல்றது அடிப்படையில சோப்பு தான். சோப்பு நார் நாராப் பின்னி, ஸ்பாஞ்சு மாதிரி எண்ணெயைப் பிடிச்சு வெச்சுக்குது.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரலை. எங்க பேட்டைக்குப் பேரே கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கின துணிகளை வெளுத்துக் கொடுத்தவங்களால வந்தது. அவங்க துணி வெளுக்கப் போட்டது உவர்மண். அதுல இருக்கிறதும் சோடா தான். துணியில ஒட்டின எண்ணெயை எடுக்கவும் சோடா, அச்சுல எண்ணெயை ஒட்ட வைக்கவும் சோடா. பொருள் ஒண்ணு தான், அது போய் நிக்கிற இடம் தான் வேற. பெரியப்பா சொன்ன "காத்தைப் பாத்தியா"வோட முதல் பாதி எனக்கு இங்க தான் புரிய ஆரம்பிச்சது.

கிரீஸ்லயே மூணு சோப்பு, மூணு குணம். சோடியம் சோப்பு கிரீஸ் சூட்டைத் தாங்கும், ஆனா தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிடும். கால்சியம் சோப்பு கிரீஸ் தண்ணிக்கு அசையாது, ஆனா சூடு ஏறினா இளகிடும். ரெண்டையும் ஓரளவு தாங்குற லித்தியம் கிரீஸ் 1940-களில் தான் வந்தது. பெரியப்பா இந்த வேதியியல் எதையும் படிச்சதில்லை. ஆனா எந்த டப்பாவைத் துறைமுகத்துக்கு எடுத்துட்டுப் போகணும், எதை மோட்டார் ரூமுக்கு எடுத்துட்டுப் போகணும்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்வார்.

விளக்கெண்ணெய்க்கு வருவோம். முதல் உலகப்போர் விமானங்கள்ல எஞ்சினே சுத்துற மாதிரி ஒரு வகை இருந்தது. அதுல பெட்ரோலும் எண்ணெயும் ஒண்ணா பயணம் பண்ணும். சாதாரண பெட்ரோலிய எண்ணெய் பெட்ரோல்ல கரைஞ்சு நீர்த்துப் போயிடும். விளக்கெண்ணெய் அவ்வளவு லேசுல கரையாது. அதனால அது தான் ராஜா. எஞ்சின் துப்புற எண்ணெய்ப் புகையைச் சுவாசிச்ச பைலட்டுகளுக்கு வயிறு என்ன ஆச்சுன்னு ஒரு கதை உண்டு. சின்ன வயசுல பாட்டி கையால விளக்கெண்ணெய் குடிச்ச யாருக்கும் விளக்கம் தேவையில்லை ;-)

ஆனா அதே விளக்கெண்ணெய் ரொம்ப நேரம் சூட்டிலயும் காத்துலயும் இருந்தா பிசின் மாதிரி ஒட்டிக்கும். பந்தயத்துக்கு சரி, தினம் ஓடுற லாரிக்கு சரிப்படாது. காஸ்ட்ரால்ங்கிற பேரே விளக்கெண்ணெயோட ஆங்கிலப் பேருல இருந்து 1909-ல் வந்தது தான். அந்த காஸ்ட்ராலை 1966-ல் வாங்கினது யார் தெரியுமா? எம்டன் சுட்டதே, அதே பர்மா ஆயில்! இந்தியாவுல பர்மா ஆயிலும் ஷெல்லும் சேர்ந்து 1928-ல் ஆரம்பிச்ச பர்மா ஷெல்லை 1976-ல் அரசு எடுத்துக்கிட்டது. அது தான் பிற்பாடு பாரத் பெட்ரோலியம்.

இதுக்கு நடுவுல 1965-ல் இந்திய அரசு, அமெரிக்காவோட அமோகோ, ஈரானோட தேசிய எண்ணெய்க் கம்பெனி மூணும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஆரம்பிச்சாங்க. மணலியில 27 மாசத்துல, 43 கோடி ரூபாயில் கட்டி முடிச்சு, 1969-ல் ஓட ஆரம்பிச்சது. வருஷத்துக்கு 25 லட்சம் டன். பெட்ரோல், டீசலோட எஞ்சின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயும் அங்க தயாராச்சு. 2000-ல் பேர் சென்னை பெட்ரோலியம்னு மாறிச்சு. ஆக, உரசுற இரும்புக்கு நடுவுல என்ன இருக்கணும்ங்கிற கேள்வியும் எங்க ஏரியாவும் ரொம்ப நாள் சொந்தக்காரங்க.

*

இப்போ உப்புத் திரவத்துக்குத் திரும்பலாம். வால்டனுக்கு அப்புறம் அது ரொம்ப காலம் தூங்குச்சு. 1951-ல் டெக்சாஸில் ஹர்லி, வியர்னு ரெண்டு பேர் அலுமினிய முலாம் பூச, அறை வெப்பநிலையில் திரவமா இருக்கிற ஒரு உப்புக் கலவை செஞ்சாங்க. அப்புறம் அமெரிக்க விமானப்படை அகாடமியில் பேட்டரிக்காக இதைத் தோண்டினாங்க. ஆனா அதுல அலுமினியம் குளோரைடு. ஈரக்காத்து பட்டாலே சிதைஞ்சுடும். 1992-ல் வில்க்ஸும் ஜவரோட்கோவும் டெட்ராஃபுளூரோபோரேட் மாதிரியான எதிர் அயனிகளைப் போட்டு, காத்தையும் தண்ணியையும் தாங்குற திரவம்னு தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை போட்டாங்க. அதுக்கப்புறம் தான் உலகம் பூரா எல்லாரும் இதைக் கையில எடுத்தாங்க.

2001-ல் சீனாவில் லான்ஜோ நகரத்து வேதி இயற்பியல் ஆய்வு நிலையத்தில் லியூ வெய்மின் குழு, இந்த வகைத் திரவத்தை உயவு எண்ணெயா போட்டு உரசிப் பார்த்தது. இரும்பு மேல இரும்பு, இரும்பு மேல அலுமினியம், இரும்பு மேல செம்பு, பீங்கான் வகைகள்னு எல்லா ஜோடியிலயும் உராய்வு குறைஞ்சது, தேய்மானம் குறைஞ்சது, கனமான பாரத்தையும் தாங்குச்சு. பொதுவா ஒரு ஜோடிக்கு ஒத்துவர்ற எண்ணெய் இன்னொரு ஜோடிக்கு ஒத்துவராது. அதனால இது பெரிய செய்தி.

வேலை செய்யறது இப்படி. உரசும்போது புதுசா வெளிப்படுற இரும்புப் பரப்புக்கு நேர் மின்னேற்றம் இருக்கும். எதிர் அயனிகள் ஓடிப் போய் அதுல ஒட்டும். அதுக்கு மேல நேர் அயனிகள் ஒரு வரிசை. அடுக்கடுக்கா பாய் விரிச்ச மாதிரி. ரெண்டு இரும்பும் நேரா மோதாம பாய் மேல வழுக்கிக்கிட்டுப் போகும். அழுத்தமும் சூடும் ஏறினா அந்த எதிர் அயனி இரும்போட வினை புரிஞ்சு, இரும்பு ஃபுளூரைடோ இரும்பு பாஸ்பேட்டோ ஒரு மெல்லிய தோலா படியும். தேய்ஞ்சா அந்தத் தோல் தேயும், இரும்பு தப்பிக்கும்.

கவனிச்சீங்களா? எதிர் அயனி இரும்போட வினை புரியறது தான் இதோட பலம். நிறுத்தாம வினை புரிஞ்சா? அது தான் என் வட்டு.

காத்துல ஈரம் இருந்தா டெட்ராஃபுளூரோபோரேட், ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சமா தண்ணியோட வினை புரிஞ்சு ஹைட்ரஜன் ஃபுளூரைடை வெளிய விடும். கண்ணாடியையே அரிக்கிற சரக்கு. இரும்பு எம்மாத்திரம்? 1992-ல் காத்தையும் தண்ணியையும் தாங்கும்னு கட்டுரை. 2003-ல் ராபின் ராஜர்ஸ் குழு, அயனித் திரவம் எப்பவுமே பசுமையானது இல்லைன்னு தலைப்பு வெச்சு, ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் வகை தண்ணியோட சிதையறதைக் காட்டினாங்க. ரெண்டு கட்டுரையும் பொய் இல்லை. பழைய அலுமினியம் குளோரைடு வகையோட ஒப்பிட்டா புதுசு தாங்கும் தான். வருஷம் பூரா கடல் காத்துல நிக்கிற இரும்பைக் கேட்டா அது வேற பதில் சொல்லும்.

எக்ஸாமினர் சார், நீங்க கேட்ட கேள்விக்கு இது தான் பதில். அந்த மெஷின் ரூமில் ஏசி கிடையாது. ரெண்டு ஜன்னலும் திறந்திருந்தது. திரவம் மூணு நாள் ராத்திரி எங்க ஊர் காத்தைக் குடிச்சது.

அப்போ இது எங்க தான் ஜெயிக்கும்? காத்தே இல்லாத இடத்துல. விண்கலத்துல சாதாரண எண்ணெய் போட்டா வெற்றிடத்தில் ஆவியாகிப் போய் லென்ஸு, கண்ணாடி மேல படியும். ஆவியாகாத உப்பு அங்க பொருத்தம், ஈரமும் கிடையாது. இதுக்கும் ஒரு எல்லை உண்டு. 2006-ல் சில அயனித் திரவங்களை நல்ல சூட்டில், குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடிச்சே காட்டினாங்க. அதே வருஷம், சில வகை எரியவும் செய்யும்னு இன்னொரு கட்டுரை. ஆவியாகவே ஆகாது, எரியவே எரியாதுங்கிற விளம்பரம் ரெண்டும் அந்த வருஷத்தோட போச்சு.

எஞ்சின்ல? தனியா ஊத்த விலை கட்டுப்படி ஆகாது. எண்ணெயில் கொஞ்சம் கலக்கலாம்னா, பெரும்பாலான உப்பு எண்ணெயில் கரையாது. 2012-ல் அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வகம் நீளமான வால் வெச்ச பாஸ்போனியம் நேர் அயனியும் பாஸ்பேட் எதிர் அயனியும் சேர்ந்த ஒரு திரவத்தை எண்ணெயிலேயே கரைச்சுக் காட்டுச்சு. ஃபுளூரின் இல்லாததால அந்த அமிலத் தொல்லையும் இல்லை. எஞ்சின் ஆயில்ல தேய்மானம் குறைக்கப் போடுற துத்தநாகச் சரக்குக்குப் பதிலா இது வரலாம்னு ஒரு நம்பிக்கை. மணலியில 1989-ல் தொடங்கின இந்தியன் அடிடிவ்ஸ் கம்பெனியோட தொழிலே எண்ணெயில் கலக்குற இந்த மாதிரி சரக்கு தான். ஆக அது எங்க பேட்டைக்கும் சம்பந்தப்பட்ட சமாசாரம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நம்ம நாட்டு வேலை. டேராடூனில் இருக்கிற இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தில் ராஷி குசைன், ஓம் காத்ரி குழு 2014-ல் ஃபுளூரினோ குளோரினோ இல்லாத சேலிசிலேட்-போரேட் வகை அயனித் திரவங்களை எண்ணெயில் கலந்து பார்த்தாங்க. 2016-ல் இன்னும் ஒரு படி போய், கொழுப்பு அமிலத்தையே எதிர் அயனியா போட்டாங்க. கொழுப்பு அமிலம்னா என்ன? விளக்கெண்ணெய்லயும் தேங்காயெண்ணெய்லயும் இருக்கிற அதே குடும்பம். அவ்வளவு தூரம் சுத்தி, வண்டி மை கிட்டயே வந்து நிக்குது அறிவியல்.

*

இதோட முடிச்சிருப்பேன். ஆனா 2023 டிசம்பர் முடிக்க விடலை.

மிக்ஜாம் புயல் மழையில மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கொசஸ்தலையாத்துக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் போச்சு. வலை, படகு, அலையாத்திச் செடி எல்லாத்துலயும் கருப்பு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து வழக்கா எடுத்தது. அதுக்கு முன்னாடி 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ, ஆளுங்க பக்கெட்டால அள்ளினது ஞாபகம் இருக்கா? ரெண்டு தடவையும் கையால அள்ளினவங்கள்ல மீனவர்களும் இருந்தாங்க. எண்ணூர்ல இருக்கிற என் கூட்டாளியோட அப்பா வலையைத் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டு அலசிட்டு, கடைசியில தூக்கிப் போட்டார். சோப்பு, எண்ணெய். மறுபடியும் அதே ஜோடி.

அது உயவு எண்ணெய் இல்லை, கப்பல் எரிபொருளும் ஆலை எண்ணெயும் தான். ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு எனக்கு ஒண்ணு உறைச்சது. நான் படிச்ச கட்டுரைகள்ல பெரும்பாலானது, சுற்றுப்புறம் இந்தத் திரவத்தை என்ன செய்யும்னு கேட்டது: ஈரம், சூடு, வெற்றிடம். இந்தத் திரவம் சுற்றுப்புறத்தை என்ன செய்யும்ங்கிற கேள்வி தாமதமாத்தான் வந்தது. ஆவியாகாது, அதனால காத்தைக் கெடுக்காது, அதனால பசுமைன்னு ஆரம்பத்துல சொல்லிட்டாங்க. காத்துக்குப் போகாதது எங்க போகும்? தண்ணிக்குத் தான். கச்சா எண்ணெய் மிதக்கும், பக்கெட்டாலயாவது அள்ளலாம். பல அயனித் திரவங்கள் தண்ணியில கரைஞ்சுடும். எதை அள்ளுறது? இமிடசோலியம் வகையில வால் நீளம் ஆக ஆக பாசிக்கும் தண்ணீர்ப் பூச்சிக்கும் நஞ்சு ஏறுதுன்னு சோதனைகள் காட்டியிருக்கு. எண்ணெயில் கரையணும்னு வாலை நீட்டினா, கழிமுகத்துக்கு அது ஆபத்து. கொழுப்பு அமில வழியை நான் கொண்டாடறதுக்குக் காரணம் இது தான். அதுலயும் நேர் அயனி என்னன்னு பார்த்துத் தான் மார்க் போடணும்.

இப்போ யாராவது எங்கிட்ட புது எண்ணெய், அதிசய எண்ணெய்னு சொன்னா ரெண்டே கேள்வி கேட்பேன். எந்த ஊர் காத்துல சோதிச்சீங்க? ஓட்டை விழுந்தா எந்தத் தண்ணிக்குப் போகும்? ரெண்டாவது கேள்விக்கு பாட்டில் லேபிள்ல பதில் இருக்கறதில்லை. எங்க ஏரியாவுல டேங்கையும் பைப்பையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தூங்குறவங்களுக்கு அந்த பதில் தான் முக்கியம்.

போன மாசம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் கதையெல்லாம் சொன்னேன். லாட்வியா, லான்ஜோ, டேராடூன் எல்லாம் பொறுமையா கேட்டார். கடைசியில, "அப்போ நான் சொன்னது கரீட்டு தான்?"ன்னார். ஆமாம்னேன். "இதைச் சொல்ல உனுக்கு இம்மாம் வருசம் ஆச்சா"ன்னு சிரிச்சுட்டு, மின்விசிறியில கீச்சுனு சத்தம் வருதுன்னு ஸ்டூல் போட்டு ஏறப் போயிட்டார்.

வட்டு இன்னும் டிவி ஸ்டாண்டு மேல தான் இருக்கு. போன மழைக்கு அப்புறம் இன்னும் ரெண்டு புள்ளி கூடியிருக்கு.

டிஸ்கி: உங்க ஊர்ல வண்டி மைக்கு என்ன பேரு, எதை எதைக் கலப்பாங்கன்னு தாத்தா பாட்டி கிட்ட கேட்டு எழுதுங்க மக்களே. அந்தப் பக்குவம் ஊருக்கு ஊர் மாறியிருக்கும்னு நினைக்கிறேன். காத்து மாறுதில்லையா.